60 ரூபாய்க்கு 20 நாணயம்: எந்த வழி நல்ல வழி?

பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் கொடுக்கும் கணக்கு இது. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் சுருக்குப்பையில் 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் மொத்தம் 20. தொகை 60 ரூபாய். மூன்று வகையும் உண்டு. எது எது எத்தனை?

முதலில் எல்லோரும் செய்வது, ஏதோ ஓர் எண்ணை மாட்டிப் பார்ப்பது. ஐந்து ரூபாய் 8 என்று வைத்தால் 40 ரூபாய். மீதி 12 நாணயத்தில் 20 ரூபாய் வர வேண்டும். இரண்டு ரூபாய் 8, ஒரு ரூபாய் 4. விடை வந்துவிட்டது என்று பேனாவை மூடிவிடுவார்கள். இந்த வழியில் எனக்குள்ள மனக்குறை அதுதான். வேறு விடை உண்டா என்ற கேள்வியே எழாது.

சமன்பாடு வழி சுத்தமானது. ஒரு ரூபாய் நாணயம் எக்ஸ், இரண்டு ரூபாய் ஒய், ஐந்து ரூபாய் இசட் என்று வைப்போம். எக்ஸ் + ஒய் + இசட் = 20, எக்ஸ் + 2ஒய் + 5இசட் = 60. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் ஒய் + 4இசட் = 40. அதிலிருந்து எக்ஸ் = 3இசட் − 20. எக்ஸ், ஒய் இரண்டும் குறைந்தது 1 ஆக வேண்டும் என்பதால் இசட் 7, 8, 9 மட்டுமே. ஆக மூன்று விடைகள், நான்காவது இல்லை என்ற உறுதியும் கிடைக்கிறது. தேர்வுத்தாளில் இதைத்தான் எழுத வேண்டும். ஆனால் இயற்கணிதம் பழகாத பிள்ளைக்கு இது வெறும் எழுத்துக்கூட்டம்.

நான் முழு மனதோடு ஆதரிப்பது மாற்றிப் போடும் வழியை. இருபதும் ஒரு ரூபாய் என்று வையுங்கள். 20 ரூபாய்தான் ஆச்சு, 40 குறைகிறது. ஒரு ரூபாயை எடுத்து இரண்டு ரூபாய் வைத்தால் 1 கூடும், ஐந்து ரூபாய் வைத்தால் 4 கூடும். அந்த 40ஐ இப்படி நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். மேலே கழித்துக் கிடைத்த சமன்பாடே இது, கையால் தொடும்படி வந்திருக்கிறது. அதைவிட அழகு அடுத்தது: நான்கு இரண்டு ரூபாயை எடுத்துவிட்டு ஓர் ஐந்தும் மூன்று ஒன்றும் வையுங்கள். 8 ரூபாய் போய் 8 ரூபாய் வந்தது, 4 நாணயம் போய் 4 வந்தது! ஒரு விடை ஏன் இன்னொரு விடையாக மாறுகிறது என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. சமன்பாட்டில் இது ஒளிந்தே கிடக்கிறது.

சரி, கேள்வி மாறினால்? வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் 10 ரூபாய்க்கு 1, 2, 5 நாணயங்களில் எத்தனை விதமாகச் சில்லறை தரலாம் என்று கேட்டால், நாணய எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை. அந்த மாற்றல் உதவாது. அட்டவணை போட வேண்டும். ஐந்தே இல்லாமல் 6 விதம், ஓர் ஐந்து வைத்தால் 3, இரண்டு வைத்தால் 1, மொத்தம் 10. கணித அறிஞர் ஜார்ஜ் பொலியா 1956இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு டாலருக்குச் சில்லறை மாற்றும் வழிகளை எண்ணும் இதே வகைக் கேள்வி வருகிறது. 1, 5, 10, 25, 50 சென்ட் நாணயங்களில் அது 292 விதம். அங்கே மாட்டிப் பார்க்கிற கதையெல்லாம் நடக்காது.

பிள்ளைகளிடம் கொடுக்க இன்னொன்று: அதே 20 நாணயம், தொகை மட்டும் 50 ரூபாய். இதற்கு நான்கு விடை. ஒரு ரூபாய் 2, இரண்டு ரூபாய் 14, ஐந்து ரூபாய் 4 என்பது ஒன்று. மற்ற மூன்றையும் மாற்றிப் போட்டே எடுக்கச் சொல்லுங்கள்.