கோல் ஷீட்டா, கேள்விகளா? சக ஊழியரின் வளர்ச்சிக்கு எது உதவுகிறது

ஏப்ரல் பிறந்ததும் எங்கள் ஆபீசில் கோல் ஷீட், அதாவது வருட இலக்குகளை எழுதும் படிவத்தை நிரப்பும் வேலை தொடங்கிவிடும். 'கம்யூனிகேஷனை வளர்த்துக்கொள்வேன்', 'ஆட்டோமேஷன் கற்றுக்கொள்வேன்' என்று இரண்டு வரி எழுதுவார்கள். அடுத்த அப்ரைசலுக்கு முந்தின நாள் வரை அதை யாரும் திறப்பதில்லை. கோவையில் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமில் லீடாக இருக்கிறேன். இந்த இரண்டு வரிகளை உயிருள்ளதாக ஆக்க, டீமில் உள்ளவர்களோடு உட்கார்ந்து இரண்டு முறைகளை முயன்று பார்த்திருக்கிறேன்: ஸ்மார்ட், க்ரோ.

ஸ்மார்ட் (SMART) எல்லோருக்கும் தெரிந்தது, ஐந்து ஆங்கில எழுத்துக்கு ஐந்து நிபந்தனை. 1981இல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் ஒரு நிர்வாக இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. இலக்கு குறிப்பாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், நடைமுறைக்கு ஒத்துவர வேண்டும், காலக்கெடு வேண்டும். நடுவில் இருக்கும் 'ஏ' எழுத்தைத்தான் கவனிக்க வேண்டும். இன்றைக்குப் பயிற்சி வகுப்புகளில் அதை 'அச்சீவபிள்', அதாவது எட்டக்கூடியது என்கிறார்கள். டோரன் எழுதியது 'அசைனபிள்', யாரிடம் ஒப்படைப்பது என்று. வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேனேஜருக்காக உருவான கருவி அது. எல்லா இலக்கிலும் ஐந்தும் இருந்தே ஆக வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை.

அதனால் போகும் பாதை தெரிந்த வேலைக்கு ஸ்மார்ட் அருமையாகப் பொருந்தும். 'ஜூன் முடிவதற்குள் லாகின் மாட்யூலின் 20 டெஸ்ட் கேஸ்களை செலீனியத்தில் எழுதி முடிப்பேன்.' டெஸ்டிங்கைத் தானாக ஓட வைக்கும் கருவியான செலீனியம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு இதற்கு மேல் எந்தப் பேச்சும் தேவையில்லை.

க்ரோ வேறு இடத்திலிருந்து வந்தது. டிமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர், 'மட்டையை இப்படிப் பிடி, காலை அப்படி வை' என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு, பந்து தரையில் பட்டதும் ஒரு சொல், மட்டையில் பட்டதும் ஒரு சொல் என்று மாணவர்களைச் சொல்ல வைத்தார். கவனம் பந்துக்குப் போனதும் ஆட்டம் தானாகத் திருந்தியது. அவருடைய வழியை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர், முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோர். 1990களில் க்ரோ பரவியதற்கு அவரே முக்கியக் காரணம். கோல், ரியாலிட்டி, ஆப்ஷன்ஸ், வில்: என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன செய்யலாம், எதைச் செய்யப்போகிறாய். நான்கையும் கேள்வியாகத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் டீமில் ஒரு பெண்ணுக்கு, வாடிக்கையாளரோடு போனில் நடக்கும் கிளையண்ட் காலில் பேச வேண்டும் என்று ஆசை. முதல் வருடம் ஸ்மார்ட் முறையில், 'செப்டம்பருக்குள் நான்கு ஸ்டேட்டஸ் கால் நடத்துவேன்' என்று எழுதினோம். எழுதினோம் என்ன, நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு கால் நடத்தினார். மூன்றாவதிலிருந்து ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிவிட்டார்.

அடுத்த வருடம் க்ரோ. "எனக்கு இங்கிலீஷ் வராதுங்க்கா" என்றுதான் ஆரம்பித்தார். உடனே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றைச் சொல்லியிருப்பேன், வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, போன காலில் சரியாக எந்த இடத்தில் நின்றது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் எழுதி வெச்சதைச் சொல்றப்ப ஒண்ணும் ஆகலைங்க்கா. வேறொருத்தர் போட்ட டிஃபெக்டைப் பத்தி நடுவுல கேட்டாங்க, அப்பத்தான் கை நடுங்கிருச்சு." சிக்கல் இங்கிலீஷில் இல்லை. அதன்பின் வழிகளை அவரே சொன்னார்: முந்தின நாள் மாலை மற்றவர்கள் பதிவு செய்த டிஃபெக்டுகளையும் (மென்பொருள் பிழைகள்) படித்துவிடுவது, தெரியாததற்கு 'பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்கிறேன்' என்ற வாக்கியத்தைத் தயாராக வைத்திருப்பது. எந்த வகுப்பும் தேவைப்படவில்லை.

ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. 'முடிந்ததைச் செய்' என்பதைவிடக் குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு நல்ல பலன் தரும் என்று உளவியலாளர்கள் எட்வின் லாக்கும் கேரி லேதமும் பல ஆண்டு ஆராய்ந்து காட்டினார்கள். ஆனால் 1989இல் ரூத் கான்ஃபரும் பிலிப் ஆக்கர்மனும் அமெரிக்க விமானப்படையில் பயிற்சி பெற்றுவந்தவர்களுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, கற்கத் தொடங்கும் கட்டத்திலேயே மதிப்பெண் இலக்கு வைத்தது கெடுதலாகவே முடிந்தது. வேலையைப் புரிந்துகொள்ளவே கவனம் முழுக்கத் தேவைப்படும் நேரத்தில் எண்ணும் சேர்ந்து அழுத்துகிறது. நான் எழுதிக் கொடுத்த 'நான்கு கால்' அப்படிப்பட்ட எண்தான்.

க்ரோவுக்கும் குறைகள் உண்டு. ஒருவருக்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். நேற்று சேர்ந்தவரிடம் 'உனக்கு என்ன வழி தோன்றுகிறது' என்று கேட்டால் தவித்துப்போவார், அவருக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று பெரிய குறை: கேள்வி கேட்பவரே ரேட்டிங் போடுபவராக இருந்தால், ரியாலிட்டி கட்டத்தில் உண்மை வராது. கை நடுங்கியதை மேனேஜரிடம் யார் சொல்வார்கள்? ரேட்டிங் என் கையில் இல்லாததால்தான் அந்தப் பெண் என்னிடம் சொன்னார். ரேட்டிங் போடுபவர் ஸ்மார்ட்டோடு நிறுத்திக்கொண்டு, க்ரோ பேச்சை பக்கத்து இருக்கைக்காரரிடம் விடுவது நல்லது.

ஓகேஆர் (OKR) பற்றியும் கேட்கிறார்கள், ஓர் இலக்கையும் அதை எட்டியதைக் காட்டும் அளவுகளையும் சேர்த்து எழுதும் முறை அது. இன்டெலில் ஆண்டி க்ரோவ் வளர்த்தது, 1999இல் முதலீட்டாளர் ஜான் டோர் கூகுளுக்குக் கொண்டுபோனது. டீம் எங்கே போகிறது என்று காட்ட நன்றாக இருக்கும். தனி ஒருவரின் வளர்ச்சியை அதில் போட்டு இன்க்ரிமென்ட்டோடு கட்டினால், எல்லோரும் கட்டாயம் எட்டிவிடக்கூடிய சின்ன இலக்கைத்தான் எழுதுவார்கள். இதற்கு அதை நான் எடுப்பதில்லை.

இப்போது இரண்டையும் வரிசை மாற்றிப் பயன்படுத்துகிறேன். முதல் பேச்சு க்ரோ, லேப்டாப் இல்லாமல், கேன்டீனில். ஒரு வாரம் கழித்து அவரே தன் வார்த்தையில் ஒரு வரி எழுதி வருவார், அதை ஸ்மார்ட் கொண்டு சரிபார்ப்போம். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம். 'முடித்துவிட்டாயா' என்று அதில் கேட்பதில்லை. 'இந்தத் தடவை எந்த இடத்தில் நின்றது' என்றுதான் ஆரம்பிக்கிறேன்.