செரோக்கி வரலாறு: நியூ எக்கோட்டாவா, செரோக்கி ஊரா?

அட்லாண்டாவிலிருந்து குடும்பத்தோடு ஒரே நாளில் போய்த் திரும்ப, அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் வரலாறு சொல்லும் இடங்கள் இரண்டு உண்டு. ஜார்ஜியாவிலேயே இருக்கும் நியூ எக்கோட்டா, காரில் ஒன்றேகால் மணி நேரம். வட கரோலினா மலைகளுக்கு நடுவே இருக்கும் செரோக்கி ஊருக்கு, போக மட்டுமே மூன்று மணி நேரம் வேண்டும்.

நியூ எக்கோட்டா 1825-இல் செரோக்கி நாட்டின் தலைநகரான இடம். இன்று அங்கே புல்வெளியும் சில கட்டடங்களும்தான். சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிடும். ஆனால் அச்சுக்கூடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 'செரோக்கி ஃபீனிக்ஸ்' செய்தித்தாள் 1828-இல் இந்த ஊரில்தான் ஆங்கிலத்திலும் செரோக்கியிலும் வெளிவந்தது. அந்தச் செரோக்கி எழுத்துகள், எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத செக்வோயா என்ற செரோக்கியர் தனி ஆளாக உருவாக்கியவை. நம் உயிர்மெய் போல ஒவ்வொன்றும் ஓர் அசை. ஆனால் 'க'வுக்கும் 'கி'க்கும் வடிவத்தில் ஒட்டுறவே இல்லை. அதை முதலில் கவனித்தது என் மகள்தான்.

இருந்தும், ஒரே ஒரு நாள்தான் என்றால் செரோக்கி ஊருக்கே போகச் சொல்வேன். நியூ எக்கோட்டாவைப் பராமரிப்பது ஜார்ஜியா மாநில அரசு. செரோக்கி மக்களின் நிலத்தை 1832-இல் லாட்டரி போட்டு வெள்ளையருக்குக் கொடுத்ததும் அதே அரசுதான். 1838-இல் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டத் தொடங்கிய வெளியேற்றத்தில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். அதையெல்லாம் மலையிலேயே தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் தாங்களே சொல்லக் கேட்பது வேறு. அங்குள்ள அருங்காட்சியகம் 2023-இல் தன் பெயரில் இருந்த 'இந்தியர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மக்கள்' என்று மாற்றிக்கொண்டது. கல்லறைகளிலிருந்து வந்த பொருள்களைக் காட்சியிலிருந்து அகற்றி, இன்றைய செரோக்கிக் கலைஞர்களின் படைப்புகளை வைத்தது. எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

பிள்ளைகளுக்கு, பக்கத்தில் இருக்கும் ஓகோனலுஃப்டீ கிராமமே போதும். 1760-களின் வாழ்க்கையைச் செய்தே காட்டுகிறார்கள். ஆளைவிட நீளமான மூங்கில் குழாய். அம்பின் வால்பக்கம் முள்செடிப் பஞ்சு சுற்றியிருக்கிறது. 'ஃபூ' என்று ஒரே ஊது, குறியில் போய்க் குத்தி நிற்கிறது. குளிர்காலத்தில் கிராமம் மூடியிருக்கும், தேதி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் நியூ எக்கோட்டாவை முதலில் பாருங்கள். அச்சுக்கூடத்தில் பார்த்த எழுத்துகள் செரோக்கி ஊரின் தெருப்பலகைகளில் இருக்கின்றன. என் மகள் கார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் "அம்மா, அதே எழுத்து!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.