காவடி சாமானுக்கு வீட்லயே பவுடர் கோட்டிங் போட்டுத் தர்றேன்னு யாராச்சும் சொன்னா கொடுக்காதீங்க

தைப்பூசம் வருதேன்னு அண்ணனோட அலகு காவடி ஆர்ச்சு, இடுப்பு பிளேட்டு, பிராக்கெட்டு எல்லாத்தையும் பவுடர் கோட்டிங் போட, அதாவது பெயிண்டுக்குப் பதிலா தூளத் தெளிச்சு ஓவன்ல வேக வைக்க, ஆன்லைன்ல விளம்பரம் போட்ட ஒருத்தர்கிட்ட கொடுத்தோம். முழு காசையும் பேநவ்ல (போன்லயே காசு அனுப்புறது) முன்னாடியே வாங்கிட்டாரு. போட்டோ அனுப்புனப்ப பளபளன்னு இருந்துச்சு, வீட்ல கொண்டாந்து பூட்டும்போதுதான் வயிறு எரிஞ்சுச்சு.

போல்ட் மரைக்குள்ளயும் பவுடர் ஏறி இறுகிக் கெடக்கு, ஸ்பேனர் போட்டுத் திருகுனா ஓரத்துல விரிசல் விட்டு வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வருது, அடியில பாத்தா பழைய பெயிண்டும் துருவும் அப்படியே இருக்கு! மணல் அடிச்சு சுரண்டவே இல்ல. தின்னர் துணியால துடைச்சா பூசுன செவப்பு கலர் துணியில வந்துடுச்சு, அப்படின்னா சரியா வேகலன்னு அர்த்தம்.

பவுடர் கரண்ட் சார்ஜுலதான் இரும்புல ஒட்டி நிக்கும், அப்புறம் ஓவன்ல சுமார் 200 டிகிரியில 10லேருந்து 20 நிமிஷம் வேகணும், அந்த நேரத்த ஓவன் சூடானதுலேருந்து எண்ணக் கூடாது, இரும்பே அந்தச் சூட்டுக்கு வந்ததுலேருந்து எண்ணணும், தடிச்ச பிளேட்டுக்கு இன்னும் நேரமாகும். அரை வேக்காடா இருந்தாலும் பளபளப்பு வந்துடும், அதனால போட்டோவ நம்பவே முடியாது. நீளமான ஆர்ச்சு ஓவன்ல நுழையலன்னு ஹீட் கன்னால (சூடு காத்து அடிக்கிற மெஷின்) சூடு காட்டுனாராம், கேட்டப்புறம்தான் சொல்றாரு!! வேர்வையும் பாலும் மழையும் படுற சாமான்யா அது, ஒருத்தர் விரதம் இருந்து தூக்குறது.

இன்னொன்னு, அவர் வேலை செய்றது எச்டிபி அடுக்குமாடி வீட்டு சமையல்கட்டுல, பக்கத்துலயே கேஸ் அடுப்பு. அந்தத் தூள் காத்துல பறக்கும்போது நெருப்பு பட்டா வெடிக்கும். அக்கம்பக்கத்துல பிள்ளைங்க இருக்காங்க, யோசிச்சாலே பதறுது.

கொடுக்குறதுக்கு முன்னாடி மணல் அடிப்பீங்களா, மரைய எதால அடைப்பீங்க, ஓவன் எவ்ளோ நீளம்னு கேளுங்க. வெயில்ல போற சாமானுக்கு எபாக்சி பவுடர் வேணாம், வெளுத்து மாவா உதிரும், பாலியஸ்டர் கேளுங்க.

காசு கேட்டா "சிங்கப்பூர் ஈரம் அண்ணே, அதான்"னு ஒரு மெசேஜ், அதோட சரி, பதிலே இல்ல. ஸ்மால் கிளைம்ஸ்ல (சின்னத் தொகை வழக்கு மன்றம்) போடப் போறோம், 20,000 வெள்ளி வரைக்கும் அங்க போகலாம், 2 வருஷத்துக்குள்ள போடணும், வாட்ஸ்அப் மெசேஜையும் பேநவ் ரசீதையும் அழிச்சுடாதீங்க. சாமான இப்ப சுங்கை காடுட்ல ஒரு பட்டறையில உரிக்கக் கொடுத்திருக்கோம், பூசத்துக்குள்ள கிடைக்குமான்னு அவங்களால உறுதி சொல்ல முடியல. அந்த ஆளு வேற பேர்ல இன்னும் விளம்பரம் போட்டுட்டுதான் இருக்காரு, போட்டோல பின்னாடி வெள்ளை சமையலறை டைல்ஸ் தெரிஞ்சா உஷாரா இருங்க மக்களே.