பேரலலிசத்துக்குக் காது, இடியத்துக்கு நோட்டு: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். என்ற மத்திய அரசு வேலைக்கான தேர்வு, வங்கித் தேர்வு இரண்டுக்கும் படித்த நாளில் ஆரம்பித்த ஒரு முறை இது. வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை. சாயங்காலங்களில் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகும்போது, அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதையேதான் சொல்லித்தருகிறேன். பெரிய செலவு எதுவும் கிடையாது. பழைய வினாத்தாள்கள், செல்லில் ஒரு லேர்னர்ஸ் அகராதி (ஆங்கிலம் கற்பவர்களுக்கானது), அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி நினைவில் நிறுத்தும் ஆங்கி என்ற செயலி (ஆண்ட்ராய்டில் இலவசம்), ஒரு கோடு போட்ட நோட்டு. இவற்றை வைத்து ஆங்கில இலக்கணத்தில் இரண்டே இரண்டு விஷயங்களை, அதாவது பேரலலிசத்தையும் (ஒரே வரிசையில் வரும் சொற்கள் ஒரே வடிவில் நிற்பது) இடியத்தையும் (மரபுத் தொடர்), எப்படிப் பிடித்தேன், எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று எழுதுகிறேன்.

ஏன் இந்த இரண்டு மட்டும்? டென்ஸ், ஆர்ட்டிகிள், சப்ஜெக்ட் வெர்ப் எல்லாம் எந்தப் பயிற்சி மையத்திலும் நன்றாகவே நடத்துகிறார்கள். இந்த இரண்டையும் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் சி.ஜி.எல். முதல் நிலையில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, கேள்விக்கு 2 மதிப்பெண், தப்பானால் அரை மதிப்பெண் போகும். இரண்டாம் நிலையில் 45 கேள்வி, ஒவ்வொன்றும் 3 மதிப்பெண், தப்பானால் ஒரு மதிப்பெண் கழியும். குருட்டாம்போக்கில் அடிக்கிற இடம் இல்லை அது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தேர்வில் 'இடியம்' என்றால் இரண்டு வேறு சரக்கு. ஒன்று, எஸ்.எஸ்.சி. நேரடியாகப் பொருள் கேட்பது: 'பர்ன் த மிட்நைட் ஆயில்', 'எ போல்ட் ஃப்ரம் த ப்ளூ' மாதிரி. இன்னொன்று, எந்தச் சொல்லோடு எந்த ப்ரெப்பொசிஷன் சேரும், எந்தச் சொல்லுக்குப் பின் வினை எந்த வடிவில் வரும் என்பது. இது பிழை கண்டுபிடிக்கும் கேள்விக்குள்ளும், அடிக்கோடிட்ட பகுதியை மாற்றும் கேள்விக்குள்ளும் ஒளிந்து வரும். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் பல வருடம் 'இடியம்' என்று சொன்னது இந்த இரண்டாவதைத்தான். நம் பிள்ளைகள் முதல் வகையைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டு, இரண்டாவதில் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

இனி பேரலலிசம். இதில் என் அனுபவம் ஒரே வரிதான்: தமிழ் தெரிந்தவருக்கு இது புதுப் பாடமே இல்லை. 'அவளுக்கு ஆடவும் பாடவும் தெரியும்' என்கிறோம். 'ஆடவும் பாடுவதும் தெரியும்' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லாது. 'சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ போவான்' என்போம். 'சேலமோ ஈரோட்டுக்கோ' என்றால் காது உடனே முகம் சுளிக்கும். உம், ஓ இரண்டும் தம்மோடு ஒட்டுகிற சொற்களை ஒரே வடிவில் நிற்கச் சொல்கின்றன. ஆங்கிலத்தில் அண்ட், ஆர், 'போத்... அண்ட்', 'ஐதர்... ஆர்', 'நாட் ஒன்லி... பட் ஆல்சோ' எல்லாம் கேட்பதும் இதைத்தான். 'ஐதர்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'டு சேலம்' வந்தால் 'ஆர்' என்பதற்குப் பின்னாலும் 'டு ஈரோடு' வந்தாக வேண்டும். 'டு' முன்னாலேயே வந்துவிட்டால், 'டு ஐதர் சேலம் ஆர் ஈரோடு'. அவ்வளவுதான் விதி.

நூலகத்தில் ஒரு தங்கை, தமிழ் வழியில் படித்தவள், ஒரு கேள்வியோடு வந்தாள். மேலாளர் எழுத்தரிடம் மூன்று வேலை சொல்கிற வாக்கியம்: 'டு சார்ட் த ஃபைல்ஸ், டு என்டர் த டோட்டல்ஸ் அண்ட் தட் ஹீ ஷுட் ரிப்போர்ட் பை ஃபைவ்.' "அக்கா, எல்லா வார்த்தையும் சரியாத்தானே இருக்கு, எங்க பிழை?" என்றாள். "தமிழில் அப்படியே சொல்லிப் பாரும்மா" என்றேன். 'கோப்புகளை அடுக்கவும், கூட்டுத்தொகையைப் பதியவும், அவர் அஞ்சு மணிக்குள்ள வந்து சொல்லணும்னும் சொன்னார்' என்று சொல்லிக்கொண்டே வந்தவள், மூன்றாவதில் தானாக நின்றாள். 'வந்து சொல்லவும் சொன்னார்னு இருக்கணும் அக்கா.' விடை 'அண்ட் டு ரிப்போர்ட் பை ஃபைவ்'. அதற்குப் பிறகு இந்த வகைக் கேள்விக்கு அவள் என்னிடம் வரவே இல்லை.

ஆனால் காதை எல்லா இடத்திலும் நம்பக் கூடாது. ஒப்பீட்டு வாக்கியத்தில் தமிழ் ரொம்பத் தாராளம். 'சென்னை ரோடு மதுரையை விட அகலம்' என்று சொன்னால் நமக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆங்கிலத் தேர்வில் இது பிழை: சென்னையின் ரோடுகளை மதுரை என்ற ஊரோடு ஒப்பிட முடியாது, மதுரையின் ரோடுகளோடுதான் ஒப்பிட வேண்டும். 'தேன் (than) மதுரை' போய் 'தேன் தோஸ் ஆஃப் மதுரை' என்றாகும். ஒருமையாக இருந்தால் 'தட் ஆஃப்'. இந்த ஊர் கிளைமேட், அந்த நாட்டு மக்கள்தொகை என்று உருவம் மாற்றி மாற்றி வருகிற கேள்வி இது. 'தேன்' என்ற சொல்லைப் பார்த்தால் பென்சிலை நிறுத்தி, எதோடு எது என்று கேட்டுக்கொள்ளச் சொல்லித்தருகிறேன்.

இன்னொரு பெரிய பள்ளம், வால் பார்க்கிற வழக்கம், அதாவது சொல்லின் முடிவை மட்டும் வைத்து ஜோடி சேர்ப்பது. 'ஒன்று ஐஎன்ஜி என்றால் எல்லாம் ஐஎன்ஜி' என்ற சுருக்கு வழி எல்லா இடத்திலும் பரவிக்கிடக்கிறது. சின்ன வாக்கியத்துக்கு அது போதும். ஆனால் 'த கம்பெனி குளோஸ்ட் இட்ஸ் பிளான்ட், லீவிங் ஹண்ட்ரட்ஸ் ஜாப்லெஸ்' என்ற வாக்கியம் சரியானது. ஆலையை மூடியதன் விளைவுதான் அந்த 'லீவிங்'; பட்டியலில் இரண்டாவது வேலை இல்லை அது. வால் பார்ப்பவர் 'குளோஸ்ட்' இருக்கிறதே என்று 'லெஃப்ட்' என மாற்றி, நல்ல வாக்கியத்தைக் கெடுத்துவிடுவார். 'டயர்ட் அண்ட் ஹங்ரி' என்பதிலும் வால் வேறு வேறுதான், ஆனால் இரண்டும் அடைசொல் வேலை செய்வதால் ஜோடி சரி. நான் இப்போது சொல்லித்தருவது: முதலில் இணைப்புச் சொல்லைத் தேடு. அண்ட், ஆர், பட் எதுவுமே இல்லையென்றால் அங்கே பட்டியல் இருக்கிறதா என்பதே சந்தேகம். இருந்தால், அதற்கு அடுத்து வலப்பக்கம் நிற்கும் சொல்லைப் பிடி. அதன் வடிவத்தைப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் திரும்பி அதற்கு ஜோடி யார் என்று தேடு. வலமிருந்து இடம் போவதுதான் முக்கியம். இடமிருந்து வந்தால் கண் எதை வேண்டுமானாலும் ஜோடி சேர்த்துவிடும்.

இதைப் பழக எனக்கு ரொம்ப உதவியது பழைய ஜிமேட் சென்டென்ஸ் கரெக்ஷன் (வாக்கியத்தைத் திருத்தும்) கேள்விகள். 2023 நவம்பரில் ஜிமேட் ஃபோகஸ் எடிஷன் வந்தபோது அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். பழைய வடிவத் தேர்வு 2024 ஜனவரி 31-ஓடு நின்றது. மேலாண்மைப் படிப்புக்கு எழுதுகிறவர்களுக்கு இனி அது வேண்டாம். நமக்கு இன்னும் பொக்கிஷம்தான். வாக்கியங்கள் நீளம், ஜோடிகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். அதில் கொஞ்ச காலம் கைபழகிவிட்டு எஸ்.எஸ்.சி. தாளுக்கு வந்தால் கேள்வி பாதி வேகத்தில் நகர்கிற மாதிரி தெரியும். தொடக்கநிலையில் இருப்பவர் மட்டும் இதைத் தொட வேண்டாம், மனம் விட்டுப்போகும்.

இடியத்துக்கு வருவோம். இங்கே காது உதவாது. பல நேரம் காதுதான் எதிரி. தமிழ் வேற்றுமை உருபு நம்மை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் ப்ரெப்பொசிஷன் போட்டுவிடுகிறோம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று நினைப்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்'. டிஸ்கஸ் என்ற சொல்லுக்கு அபவுட் தேவையே இல்லை. 'என் மேல் கோபம்' என்பதால் 'ஆங்கிரி ஆன் மீ'; சரியானது 'ஆங்கிரி வித் மீ'. 'எனக்கு விளக்கு' என்பதால் 'எக்ஸ்பிளெய்ன் மீ'. 'எக்ஸ்பிளெய்ன் டு மீ' என்று இருக்க வேண்டும். '2010 முதல் 2015 வரை' மனதில் ஓடுவதால் 'பிட்வீன் 2010 டு 2015'. பிட்வீன் வந்தால் அண்ட், ஃப்ரம் வந்தால் டு. '-ஐ விட' என்பதால் 'சுபீரியர் தேன்'. அது எப்போதும் 'சுபீரியர் டு'.

இதைக் கவனித்த பிறகுதான் என் நோட்டு சின்னதானது. சந்தையில் கிடைக்கும் ப்ரெப்பொசிஷன் பட்டியல்கள் பக்கம் பக்கமாகப் போகும். அதில் பெரும்பாலானவற்றை நாம் இயல்பாகவே சரியாகச் சொல்லிவிடுவோம். தமிழ் இழுக்கிற சொற்களை மட்டும் நோட்டில் ஏற்றினால் போதும். இடது பக்கம் நம் மனதில் ஓடும் தமிழ் வாக்கியம், வலது பக்கம் சரியான ஆங்கிலத் தொடர். தப்பான ஆங்கிலத் தொடரை எழுதவே மாட்டேன். எழுதினால் தேர்வு நாளில் அதுதான் முதலில் கண்ணில் நிற்கும்.

அகராதி விஷயத்தில் ஒன்று. செல்லில் ஒரு சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் காட்டும் செயலி இதற்கு உதவாது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே இணையத்தில் இலவசமாக லேர்னர்ஸ் அகராதி வைத்திருக்கின்றன. 'கேபபிள்' என்று தட்டினால் பொருளுக்குப் பக்கத்திலேயே 'கேபபிள் ஆஃப் டூயிங் சம்திங்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அந்தத் தடித்த எழுத்துதான் நமக்கு வேண்டிய மொத்த விஷயமும். பொருள் தெரிந்த சொல்லுக்கும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ஆங்கி செயலியை ஆண்ட்ராய்டில் இலவசமாக ஏற்றலாம், ஐபோனில் காசு கட்ட வேண்டும். நீங்கள் தடுமாறும் அட்டையை அடிக்கடியும், தெரிந்த அட்டையை நாள் கழித்தும் காட்டும். ப்ரெப்பொசிஷன் இருக்கும் இடத்தை மட்டும் வெற்றுக் கோடாக விட்டு முழு வாக்கியமாக அட்டை போடுங்கள். பட்டியலாகப் போட்டால் அட்டை நினைவிருக்கும், வாக்கியத்தில் வரும்போது வராது. குறை என்றால், ஆரம்பத்தில் அட்டை செய்ய நேரம் பிடிக்கும், நாலு நாள் திறக்காமல் விட்டால் அட்டைகள் குவிந்து மலைக்க வைக்கும். அடுத்தவர் செய்த தொகுப்பை இறக்கிப் பயன்படுத்துவது எனக்குச் சரிப்படவில்லை. அதில் பிழைகள் அதிகம், தமிழ் இழுப்பும் அவர்களுக்குத் தெரியாது. பொருள் கேட்கும் இடியங்களுக்கு இந்தச் செயலி ஒன்றே போதும், நோட்டு தேவையில்லை. 'பெல் த கேட்', 'ஒயிட் எலிஃபன்ட்' மாதிரி தமிழிலும் அப்படியே புழங்குபவற்றை அட்டையாக்கவே வேண்டாம்.

இரண்டும் ஒரே கேள்வியில் சந்திக்கும் இடம்தான் எனக்கு மிகப் பிடித்தது, மதிப்பெண்ணும் அங்கேதான் கொட்டிக்கிடக்கிறது. 'ஷீ இஸ் கமிட்டட் டு இம்ப்ரூவிங் ரோட்ஸ் அண்ட் டு பில்ட் ஸ்கூல்ஸ்' என்ற வாக்கியத்தை எடுங்கள். 'டு' இரண்டு பக்கமும் இருப்பதால் பேரலலிசம் சரியென்று தோன்றும். ஆனால் 'கமிட்டட்' பக்கத்தில் நிற்கும் 'டு' ஒரு ப்ரெப்பொசிஷன். அதற்குப் பின் வினை ஐஎன்ஜி வடிவில்தான் வரும். ஆகவே 'அண்ட் டு பில்டிங் ஸ்கூல்ஸ்', இல்லை வெறும் 'அண்ட் பில்டிங் ஸ்கூல்ஸ்'. 'லுக் ஃபார்வர்ட் டு', 'வித் எ வியூ டு' இரண்டும் இதே ஜாதி. 'ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்' என்பதில் இடியம் 'தேன்' கூடாது என்கிறது, பேரலலிசம் இரண்டு பக்கமும் ஒரே வடிவம் கேட்கிறது. 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்', 'போத்' வந்தால் 'அண்ட்' மட்டும், 'ஆஸ் வெல் ஆஸ்' கூடாது. இவை எல்லாம் ஜோடியாகவே பிறந்த சொற்கள். இவற்றுக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைத் தனியாக ஒதுக்கியிருக்கிறேன். தேர்வு நாள் காலையில் அந்தப் பக்கங்களை மட்டும்தான் புரட்டுவேன்.

மாதிரித் தேர்வுகளைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. நான் காசு கட்டி வாங்கிய ஒரு தொகுப்பில், ஒரு தாளில் சரியென்று சொன்ன தொடரை இன்னொரு தாளில் பிழை என்று விடைக்குறிப்பு சொன்னது. 'கம்ப்ரைஸ்' என்ற சொல்லில் இது வாடிக்கை. 'பி கம்ப்ரைஸ்ட் ஆஃப்' என்பதை அகராதிகள் ஏற்கின்றன, தேர்வுகளோ பெரும்பாலும் 'கம்ப்ரைசஸ்' அல்லது 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' என்பதையே விரும்புகின்றன. 'டிஃபரன்ட் டு' பிரிட்டனில் புழங்கும், 'டிஃபரன்ட் தேன்' அமெரிக்காவில் புழங்கும். நம் தேர்வுக்கு 'டிஃபரன்ட் ஃப்ரம்' என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. சண்டை வரும் இடத்தில் மாதிரித் தேர்வு விடைக்குறிப்பை நான் ஒரு சாட்சியாகவே எடுப்பதில்லை. எஸ்.எஸ்.சி. வெளியிடும் இறுதி விடைக்குறிப்பு, அடுத்தது லேர்னர்ஸ் அகராதி, இந்த வரிசைதான்.

இந்த முறை யாருக்கு ஒத்துவரும்? தமிழ் வழியில் படித்து, குரூப் 4-க்குப் பொதுத்தமிழ் படித்துவிட்டு மத்திய அரசுத் தேர்வுப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு முதலில் சொல்வேன். உம்மும் ஓவும் அவர்களுக்கு இலக்கணமாகவே தெரியும். அந்தப் பலத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம் என்று யாரும் சொல்லாததுதான் குறை. தேர்வுக்கு மூன்று வாரமே இருப்பவர் ஆங்கியைத் தொட வேண்டாம், ஜோடிச் சொற்களையும் 'தேன்' ஒப்பீட்டையும் மட்டும் பார்த்தால் போதும்.

வங்கித் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன மாற்றம். ஐ.பி.பி.எஸ். பி.ஓ. (வங்கி அதிகாரி) தேர்வின் முதல்நிலையில் 30 ஆங்கிலக் கேள்விக்கு 20 நிமிடம்தான், நேரம் முடிந்தால் பகுதி தானாக மூடிக்கொள்ளும். அங்கே தமிழில் சொல்லிப் பார்க்க நேரம் கிடைக்காது. வீட்டில் பயிற்சி செய்யும்போது மட்டும் தமிழில் சொல்லிப் பாருங்கள். தேர்வில் இணைப்புச் சொல், அதன் வலப்பக்கம், பிறகு இடப்பக்க ஜோடி என்று கண்ணை மட்டும் ஓட்டுங்கள். பிழை தெரியவில்லையென்றால் 'நோ எரர்' என்பதை அவசரப்பட்டு அமுக்காமல், வாக்கியத்தில் 'தேன்', 'டு', 'பிட்வீன்' மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அமுக்குங்கள்.