மடியில் ஒரு கீபோர்டு, டிராயரில் ஒரு திருடன்

நண்பர் ஒருவர் நேற்று கேட்டார்: "அந்த ஒயர் இல்லாத மிடி கீபோர்டை இன்னும் வச்சிருக்கீங்களா? நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். டேப்லெட்டோட ஒழுங்கா சேருதா?" சேரும் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். இரண்டு வருடக் கோபம் விடவில்லை.

மிடி கீபோர்டுக்குச் சொந்தச் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற செய்தியை (அதுதான் மிடி) டேப்லெட்டுக்கு அனுப்பும், சத்தம் போடுவது அங்கே உள்ள இசை ஆப். 25 கட்டைகள், சார்ஜ் ஏற்றும் பேட்டரி, புளூடூத், யுஎஸ்பி எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். போடாதது ஒன்றுதான்: இது நாம் ஹெட்போனில் பழகிய புளூடூத் இல்லை.

முதல் நாள் செட்டிங்ஸுக்குப் போனேன். பட்டியலில் கீபோர்டின் பெயர் தெரிந்தது, தட்டினேன், இணைந்துவிட்டது என்றது. இசை ஆப்பைத் திறந்து அழுத்தினால் மூச்சே இல்லை. கட்டையை மெதுவாக அழுத்தினேன், ஓங்கிக் குத்தினேன், திருப்பிப் போட்டுத் தட்டியும் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது, ஐபேடில் இதை ஆப்புக்குள் இருக்கும் புளூடூத் மிடி பட்டியலில் போய்ச் சேர்க்க வேண்டும். செட்டிங்ஸில் அவசரப்பட்டுச் சேர்த்துவிட்டால், அங்கே அதை மறக்கச் சொல்லிவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். ஆண்ட்ராய்டில் பல ஆப்களுக்குள் அந்தப் பட்டியலே கிடையாது. இரண்டையும் கோத்துவிடுவதற்கென்றே தனியாக ஒரு சின்ன ஆப் போட வேண்டும். புளூடூத் மிடி வசதி 2014இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 8உடன் வந்தது, ஆண்ட்ராய்டில் 2015இல். இத்தனை வருடம் கழித்தும் புதிதாக வாங்குகிறவர் முதல் மாலையை இப்படித்தான் தொலைக்கிறார்.

சரி, அது ஒரு நாள் கூத்து. என்னை மூன்று மாதம் அலைய விட்டது வேறு. ஒரு நாள் உடனே சேரும், மறுநாள் பட்டியலிலேயே இருக்காது. நீல விளக்கு மட்டும் துடிக்காமல் நிம்மதியாக எரியும், யாருடனோ பேசிக்கொண்டிருப்பதுபோல. பேசிக்கொண்டுதான் இருந்தது! எப்போதோ சோதித்துப் பார்த்த பழைய போன் மேசை டிராயருக்குள் கிடந்தது. அதில் ஒரு இசை ஆப் மூடப்படாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கீபோர்டு ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கை கொடுக்கும். போன் முந்திக்கொண்டால் டேப்லெட்டுக்கு ஒன்றும் கிடையாது. போனில் சார்ஜ் தீர்ந்த நாட்களில் எல்லாம் நன்றாக வேலை செய்திருக்கிறது. கீபோர்டைத் திட்டியதற்காக அன்று கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

தாமதத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். புளூடூத்தில் கீபோர்டும் டேப்லெட்டும் விட்டுவிட்டுத்தான் பேசிக்கொள்ளும். மிடிக்கு அந்த இடைவெளி 15 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய மிடி ஒயரில் ஒரு ஸ்வரத்தின் 3 பைட் செய்தி 1 மில்லி நொடிக்குள் போய்விடும். நிதானமான பாட்டில் இந்த வித்தியாசம் என் காதுக்கு எட்டவில்லை, டிரம்ஸ் தட்டும்போது எட்டியது. ஆனால் பலர் கீபோர்டைத் திட்டுவது காதில் புளூடூத் ஹெட்போனை மாட்டிக்கொண்டு. கட்டைக்கும் சத்தத்துக்கும் நடுவே ஒரு கொட்டாவி விடலாம் என்பதுபோல இருக்கும். அந்தப் பாவம் பெரும்பாலும் ஹெட்போனுடையது. ஒயர் உள்ளதை மாட்டிப் பாருங்கள், பாதிக் குற்றச்சாட்டு காணாமல் போகும்.

இன்னொன்று, சத்தம் நிற்காத கதை. ஒரு நாள் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தியிருந்தபோது பேட்டரி செத்தது. விரலை எடுத்த செய்தி டேப்லெட்டுக்குப் போகவே இல்லை. வயலின் கூட்டம் ஒன்று அப்படியே இழுத்துக்கொண்டே இருந்தது. எல்லா ஸ்வரங்களையும் நிறுத்தும் பொத்தான் பல ஆப்களில் எங்கேயோ ஒளிந்திருக்கும். வாங்கிய அன்றே அது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தாண்டி, நடுராத்திரியில் சாய்ந்து உட்கார்ந்து, கீபோர்டை மடியில் போட்டு, டேப்லெட்டைத் தள்ளி ஸ்டூலில் நிறுத்தி வாசிக்கும் சுகம் இருக்கிறதே! ஒயர் இருந்த காலத்தில் கால் மாற்றி உட்கார்ந்தாலே டேப்லெட் கூடவே சரிந்து வரும். இப்போது மேசைக்குப் போய் உட்கார வேண்டும் என்ற சடங்கு இல்லாததால் பத்து நிமிடம் கிடைத்தாலும் வாசிக்கிறேன். அதில் நாலைந்து மெட்டும் தேறியிருக்கிறது.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: "வாங்காதீங்க. யுஎஸ்பி மட்டும் உள்ள சாதாரண கீபோர்டு போதும். ஒயரைச் செருகினால் சத்தம் வரும், தலைவலி இல்லை."

உடனே கேட்டார்: "அப்படின்னா உங்களுதை எனக்கே கொடுத்துடுங்களேன்?"

அதற்கு இன்னும் பதில் போடவில்லை. கொடுக்கிறதாக இல்லை.