வாய்ப்புண் தடுப்புக்கான லேசர் ஒளிச் சிகிச்சை: ஒரு மதிப்புரை

மைலோமா எனும் ரத்தப் புற்றுநோய்க்காக, ரத்த அணுக்களை உருவாக்கும் தன் ஸ்டெம் செல்களையே திரும்பப் பெறும் மாற்று சிகிச்சைக்கு என் அக்கா சேர்ந்திருந்த மருத்துவமனையில், வாய்ப்புண்ணைத் தடுக்கும் குறைதிறன் லேசர் சிகிச்சையும் அளித்தார்கள். அச்செல்களைத் திரும்பச் செலுத்துவதற்கு முன் உயர் அளவில் செலுத்தப்படும் மெல்ஃபலான் எனும் புற்றுநோய் மருந்து வாயின் உட்தோலையும் சிதைப்பதால் எச்சிலைக்கூட விழுங்க முடியாதபடி புண் வரலாம். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் அவ்வேளையில் அப்புண் வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும் அபாயமும் உண்டு.

அக்காவும் செவிலியரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த பின், பேனா போன்ற கருவியின் முனையைக் கன்னத்தின் உட்புறம், உதடுகளின் உட்புறம், நாக்கின் அடிப்பகுதி என ஒவ்வோர் இடமாகச் செவிலியர் வைத்து எடுத்தார். ஈறுகளிலும் கடின அண்ணத்திலும் (மேல்வாயின் கெட்டியான முன்பகுதி) இப்புண் அரிது என்பதால் அவற்றை விட்டுவிட்டார். 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பு ஒளிதான் பெரும்பாலும் பயன்படுகிறது. சூடோ வலியோ தெரியவில்லை என்றார் அக்கா. முனை தொண்டையை நெருங்கியபோது மட்டும் குமட்டியது. மருத்துவ முறைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2018இல் இச்சிகிச்சையின் பலனுக்குப் போதிய சான்று இருப்பதாக ஏற்றுக்கொண்டது.

அக்காவுக்குப் புண் அறவே வராமலில்லை. ஆனாலும் குழைந்த ரசஞ்சாதம் உள்ளே இறங்கியது. மெல்ஃபலான் ஏறும்போது புண்ணைத் தடுக்க வாயில் பனிக்கட்டியும் வைத்திருந்ததால், முழுப் பெருமையையும் ஒளிக்கே கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கருவியை இயக்க ஆளில்லாததும், தனிக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லாததும் பெருங்குறைகள். புண் வந்தபின் தொடங்குவதைவிட மெல்ஃபலான் கொடுக்கும் நாள்களிலேயே தொடங்குவது முறை என்பதால், சேரும்போதே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.