செட்டிநாட்டு வீடு: பூட்டி வைக்கவா, பிரிச்சு விக்கவா, ஹோட்டலுக்கு விடவா?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீட்டுல பங்கு இருக்கிறவங்க பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசில இந்த மூணுலதான் வந்து நிக்கும். முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, உள்ள இருக்கிறது ஒரு வயசான வாட்ச்மேன் மட்டும். பர்மா, மலேயா வட்டித்தொழில் காசுல எழும்புன வீடுங்க, 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததோட அந்த வரும்படி படுத்துச்சு, அப்புறம் பிள்ளைங்க சென்னை, சிங்கப்பூர்னு கிளம்பிட்டாங்க.

முதல்ல பூட்டி வைக்கிறது. செலவே இல்லாத மாதிரி தெரியும், எனக்கென்னவோ இதுதான் ரொம்ப காஸ்ட்லி. குரங்கு ஓடுனதுல நாட்டு ஓடு நாலு விலகிச்சுன்னா ஐப்பசி மழை நேரா தேக்கு உத்தரத்துல இறங்கும், யாரும் பாக்க மாட்டாங்க, அடுத்த வருஷம் கரையான், அதுக்கடுத்த வருஷம் அந்தப் பக்கத் தாழ்வாரமே சாயும். ஓடு மாத்த ஆளு கூப்பிடலாம்னா பங்காளி எல்லாரும் காசு போடணும். தாத்தா காலத்துல நாலு பங்கு, இப்ப முப்பது, அதுல ரெண்டு பேரு போனே எடுக்க மாட்டாங்க. ஆனா படைப்புக்கும் (குடும்பத்து முன்னோருக்குப் படையல் போடுற நாளு) கல்யாணத்துக்கும் கதவு திறக்குது பாருங்க, அது இந்த வழில மட்டும்தான் யாரையும் கேக்காம நடக்கும்.

பிரிச்சு விக்கிறவங்களைத் திட்டறதுக்கு எனக்கு மனசு வரல. ஆஸ்பத்திரி செலவு, பொண்ணு கல்யாணம்னு நிக்கிறவருக்கு வீட்டுல முப்பதுல ஒரு பங்கு சோறு போடாது. பர்மா தேக்குத் தூணு, செதுக்குன நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாத்துக்கும் உடனே ஆளு இருக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு கடைங்கள்ல போய்ப் பாத்தா எந்த வீட்டுச் சாமானோ குவிஞ்சு கிடக்கும். கணக்கும் சுத்தம், காசைப் பங்கு போட்டா சண்டை முடிஞ்சுது. ஆனா விக்க முடியாதது ஒண்ணு இருக்கு, அந்தச் சுவரு. சுண்ணாம்பை நாள்கணக்குல ஊறவச்சு, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால தேச்சுத் தேச்சு மெருகேத்துனது, இன்னைக்கும் கைய வச்சா சில்லுனு வழுவழுன்னு இருக்கும். அதை ஜேசிபி ஒரு மத்தியானத்துல மண்ணாக்கிடும்.

ஹோட்டலுக்கு விட்டா? கானாடுகாத்தான்ல விசாலம், செட்டிநாடு மேன்ஷன், கோத்தமங்கலத்துல சாரதா விலாஸ்னு நல்லா ஓடுற உதாரணம் இருக்கு. வருஷா வருஷம் கூரையைப் பாக்க ஆளு இருக்கும், சமையலுக்கும் ரூமுக்கும் ஊர்க்காரங்களுக்கு வேலை கிடைக்கும், ஆத்தங்குடி கல்லு போடுறவருக்கும் ஆர்டர் வரும். சிக்கல் பாத்ரூம்லதான். வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுத்தி இருக்கிற ரூமெல்லாம் சின்னது, கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒண்ணுன்னு சாமான் வைக்கக் கட்டுனது, அட்டாச்டு பாத்ரூம்னு அப்ப யாரும் நினைக்கல. இப்ப பைப்பு இழுக்கணும், ஏசிக்கு ஓட்டை போடணும், சில இடத்துல ரெண்டு ரூமை ஒண்ணாக்கணும். இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரங்க வர்றது குளிர் மாசத்துலதான், இருக்கிற ஆயிரக்கணக்கான வீட்டுல எத்தனையை ஹோட்டலாக்க முடியும்?

தரங்கம்பாடி மாதிரி வெளியில இருந்து நிதி வந்து செய்யட்டுமேன்னு சொல்றவங்க உண்டு. அங்க 1620ல டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை இருக்கு, அதனால டென்மார்க்குக்கு அக்கறை இருக்கு, சுனாமிக்கு அப்புறம் பழைய கட்டடங்களைக் காப்பாத்துற இன்டாக் அமைப்பு அங்க தெருவுல பல வீட்டைச் சரி பண்ணுச்சு. நம்ம ஆயா வீட்டுக்கு எந்த நாடு வரும்? யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்ல 2014லயே செட்டிநாடு ஏறிடுச்சு, அதனால ஒரு ஓடுகூட மாறிடாது.

என் ஓட்டு ஹோட்டலுக்குத்தான், ஆனா கண்டிஷனோட. சாமி அறை குடும்பத்துக்கிட்டயே இருக்கணும், படைப்பு நாளுல வீடு மொத்தமும் நமக்குன்னு அக்ரிமெண்ட்ல எழுதணும், சுவத்துல சிமெண்ட் வைக்கக் கூடாதுன்னும் எழுதணும். சிமெண்ட் பூசுனா உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு பூத்து, பக்கத்துல இருக்கிற பழைய பூச்சையும் சேத்துத் தள்ளிவிடும். கொத்தனாரு "சிமெண்ட்ல ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்ணே"ம்பாரு, காதுல வாங்காதீங்க. ஹோட்டல்காரங்க வராத வீட்டுக்கு, பங்குக்கு வருஷம் இவ்வளவுன்னு வசூல் பண்ணி ஆடி முடியறதுக்குள்ள ஓடாவது மாத்திடணும், மத்ததெல்லாம் அப்புறம்.

மாத்துறதுக்கு அதே சைஸ் பழைய ஓடும், ஒடிஞ்ச தூணுக்கு ஜோடியும் எங்க கிடைக்கும்னு கேட்டா, அடுத்த தெருவுல பிரிச்ச வீட்டுலதான் கிடைக்கும்.